கிடங்கிலும் வறிது

சேரனின் வஞ்சி வறிது, பாண்டியனின் மதுரை வறிது, சோழனின் உறந்தை வறிது என்று மூன்று தலைநகரங்களையும் ஒருங்கே நிறுத்தி எடையிட்டுக் குறைகண்ட புலவர் ஒருவர், கொடைக்குப் பேர்பெற்ற வள்ளல் எழுவரும் மாய்ந்தபின் அவ்வெழுவர் தாங்கிய நுகத்தை ஒருவனாய்த் தாங்குவான் உளன் என்று உரைத்து, பசித்த பாணன் ஒருவனின் முகத்தைத் தொண்டைநாட்டின் தென்கோடிக்கும் நடுநாட்டின் வடவாயிலுக்கும் இடையே கீழைக்கடலைத் தழுவிக் கிடந்த சிறுநாடு ஒன்றின் பக்கம் திருப்பினார். அந்நாடு ஓய்மாநாடு. அதன் அரண் கிடங்கில். அதன் தலைவன் ஓவியர் குடியில் தோன்றிய நல்லியக்கோடன். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டு, 269 அடிகளான சிறுபாணாற்றுப்படை. முடியுடை மூவரின் நகரும் வறிதாகத் தோன்றிய காலத்தில் வறிதாகாத வாயில் இதுவென அப்புலவர் சுட்டிக்காட்டிய வாயிலை இன்று தேடிச் செல்வார் யாரேனும் உளரெனின், அவர் கண்டு மீள்வது இதுவே: கிடங்கிலும் வறிது.

நின்று காண்மின். சென்னையினின்று திருச்சிக்கு ஓடும் பெருவழி திண்டிவனத்தைத் தொட்டு ஓடுகின்றது. கிழக்கே ஒரு வழி பிரிந்து புதுச்சேரியை நாடுகின்றது. மேற்கே ஒரு வழி பிரிந்து செஞ்சியைக் கடந்து அண்ணாமலையை நாடுகின்றது. ஒரு பேருந்தினின்று இறங்கி மற்றொரு பேருந்தில் ஏறுவார்க்கு இவ்வூர் ஓர் இடைவேளை. கடந்துபோவார்க்கு ஒரு பெயர்ப்பலகை. திந்திரிணீசுவரர் கோயில் கொண்ட நகரென இதனை அறிவார் உண்டு. அதே நகரின் ஒருபுறம், கிடங்கில் திரிந்து கிடங்கல் என்னும் பெயர் தாங்கிய தெருக்களின் நடுவே, சிதைந்த மதிலின் மண்மேடும் தூர்ந்த அகழியின் தாழ்நிலமும் கிடக்கின்றன என்பதை அறிவார் மிகச் சிலர். அம்மேட்டின்மீது இல்லங்கள் எழுந்தன. அவ்வகழியின் ஓரத்தில் ஆடுகள் மேய்ந்தன. யானை நின்ற முற்றம் எது, யாழ் ஒலித்த மன்றம் எது, இரவலர் வரிசை நின்ற வாயில் எது என்று வகுத்துக் காட்ட ஒரு கல்லும் மிஞ்சவில்லை. குடிகள் அங்கே வாழ்கின்றனர். அவர் வாழ்க, அவர் மக்கள் வாழ்க. குடிபுகுந்தோர்மேல் குற்றமில்லை. தம் காலடியில் ஒரு நாட்டின் தலைவாயில் புதைந்து கிடக்கின்றது என்று அவர்க்குச் சொல்லாது விட்ட காலத்தின்மேல் உண்டு.

ஒரு நாடு எவ்வாறு தோன்றிற்று என்பதற்குப் பிற்காலத்தார் பட்டயம் காட்டுவர். செம்பில் வெட்டிய முத்திரை காட்டுவர், கல்லில் பொறித்த மெய்க்கீர்த்தி காட்டுவர், அரசாணை எண்ணும் நாளும் காட்டுவர். ஓய்மாநாட்டின் தோற்றத்துக்கு அத்தகைய பட்டயம் எதுவும் இல்லை. ஓய்மான் என்னும் குடிப்பெயரோடு மூவரின் பெயர்கள் தொகைநூல்களில் நிற்கின்றன: நல்லியக்கோடன், நல்லியாதன், வில்லியாதன். மூவரையும் புறநானூற்றில் பாடியவர் ஒருவரே, புறத்திணை நன்னாகனார். தந்தை யார், மைந்தன் யார், முன்னோன் யார், பின்னோன் யார் என்ற வரிசையை எந்தப் பாடலும் வகுத்துத் தரவில்லை. நாட்டைப் பெற்றுத் தந்த போரின் பெயரும் அவற்றில் இல்லை. எல்லை வகுத்த கல்லின் பெயரும் இல்லை. எல்லைக்கு மாறாக நத்தத்தனார் ஒரு வழியை வகுத்துத் தந்தார். கடற்கரையில் எயிற்பட்டினம், காட்டோரம் வேலூர், வயல் நடுவே ஆமூர், யாவற்றுக்கும் முடிவில் கிடங்கில். இவ்வூரில் இன்னது உண்பாய், அவ்வூரில் இன்னார் அளிப்பர் என்று நடந்து நடந்து சொல்லிய அந்த வழியே அந்நாட்டின் வரைபடம், அந்த உணவே அந்நாட்டின் முத்திரை. படையால் அளக்கப்பட்ட நாடுகள் பல. பசித்தவன் நடையால் அளக்கப்பட்ட நாடு இது. அவ்வாறு அளக்கப்பட்டதனாலேயே இதன் இழப்பு நெஞ்சை இத்துணை வருத்துகின்றது.

இது எல்லைநாடு என்பதற்குக் கோயில்களும் சான்று கூறும். நாயன்மார் பாடிய தலங்களை மண்டலவாரியாக வகுத்தோர் அரசிலியையும் இரும்பை மாகாளத்தையும் திருவக்கரையையும் தொண்டைநாட்டின் கடைசித் தலங்களாக எண்ணினர்; சற்றே தெற்கில், விக்கிரவாண்டியை அடுத்த புறவார் பனங்காட்டூரை நடுநாட்டின் தலமாக எண்ணினர். ஒரு மண்டலம் மூச்சை விட்டு மற்றொரு மண்டலம் மூச்சை எடுக்கும் இடைவெளியில் ஓய்மாநாடு கிடந்தது. வடக்கினின்று வந்த படையும் இதன்மேல் நடந்தது; தெற்கினின்று வந்த படையும் இதன்மேல் நடந்தது; கடலினின்று ஏறிய படையும் இதன்மேலேயே நடந்தது. எல்லையில் இருப்பவன் இருவர்க்கும் விருந்து வைப்பான், இருவர்க்கும் பகையாவான், இருவர் ஏட்டிலும் விடுபட்டுப்போவான்.

அப்பாட்டில் ஒரு குடில் வருகின்றது. தமிழில் வறுமையைப் பாடியோர் பலர்; அக்குடிலைப் போன்று ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றி இழுக்க, ஈன்றணிமை நீங்காத நாய் நோவு பொறாமல் குரைக்கும் அடுக்களை. கறையான் அரித்துக் கூரைமரம் வீழ்ந்து காளான் பூத்த சுவர். பசியால் இடை ஒடுங்கிய பாணர்குல மகள் நகத்தால் கிள்ளி வந்த குப்பைக்கீரை. அதனை உப்பின்றி வேகவைத்து, அறியார் கண்டால் நாணமென்று கதவடைத்து, சுற்றம் அனைத்தும் கூடியிருந்து உண்ட ஒருவேளை. உப்பின்றி என்ற அச்சொல்லின் முன் எத்துணை முறை நின்றாலும் கால் நகர்வதில்லை. ஏனெனில் அவ்வுப்பிலாக் குடிலினின்று புறப்பட்ட பாணன் முதலில் அடைவது எயிற்பட்டினம். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் துணிபு. மரக்காணமோ உப்பு விளையும் பூமி.

அங்கே செல்மின். தாழை மடலவிழ்ந்து அன்னமெனத் தோன்றும் கரையென்றும், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய அகில்மரம் ஒட்டகம் உறங்குவதைப் போல் மணலில் கிடந்ததென்றும், அம்மணமரத்தை நுளைமகளிர் அடுப்புக்கு விறகாக எரித்தனரென்றும் புலவர் சொன்னார். நெடுநாள் புளித்து முதிர்ந்த தேறலை அம்மகளிர் வடித்துத் தந்தனர். உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தந்தனர். பிறநாட்டு விலங்கின் உருவம் இக்கரையின் உவமையாக வந்ததே, இக்கரையை நாடி வந்த கலங்களுக்குச் சான்று. யவன மாலுமியின் வழிநூல் சொல்லும் சோபட்மா என்னும் துறை இதுவே என்று கருதுவாரும் உளர். தெற்கே ஒருநாள் நடைக்குள் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது யவனர் கலங்களின் ஓடுகள் அங்கே மண்ணினின்று எழுந்தன. எயிற்பட்டினத்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அகில் வந்த கரைக்கு இன்று அகில் வருவதில்லை. ஒட்டகம் அறிந்த துறைக்கு இன்று கலம் வருவதில்லை. வடக்கினின்று நெடுந்தொலைவு வந்த பக்கிங்காம் கால்வாயும் இவ்வூரளவில் வந்து தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அதன் படகுகளும் போயின. பூமீசுவரர் கோயிலின் சுவரில் சோழர் எழுத்து மட்டும் உப்புக்காற்றில் நின்று அரிக்கப்படுகின்றது. துறை வறிது.

ஆயினும் அளம் இருக்கின்றது. பாத்தி பாத்தியாய் வரம்பு கட்டி, கழிநீரைப் பாய்ச்சி, வெயிலில் காய்ச்சி, பலகையிட்டு இழுத்துக் குவிக்கும் தொழில் இன்றும் அங்கே நடக்கின்றது. மாசித் திங்களுக்குப் பின் ஏறும் வெயிலில் வெள்ளை வெளியின் நடுவே குனிந்து நிற்கும் மாந்தரின் பாதம் வெடித்திருக்கும். கண் கூசிக் கூசிச் சுருங்கியிருக்கும். மழைத்திங்களில் அளம் மூழ்கிக் கூலியும் மூழ்கும். உப்பிலாக் குடிலின் துயரத்தைத் தீர்க்கப் பாணனைக் கடற்கரைக்கு அனுப்பிய பாட்டு உப்பு மலிந்த கரையில் உள்ள குடிலின் துயரத்தைக் கண்டிருந்தால் அவர்களை யார் வாயிலுக்கு அனுப்பியிருக்கும்? அனுப்புதற்கு வாயில் ஒன்றும் இல்லை. அண்மையில் உள்ள கழுவேலி நீர்வெளியை 2021-இல் அரசு பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. வலசை வரும் புள்ளினங்கள் அங்கே ஆண்டுதோறும் வந்திறங்குகின்றன. புள்ளுக்கு எல்லையும் காப்பும் அமைந்தது நன்று, மிக நன்று. அப்புள்ளின் சிறகொலியைக் கேட்டுக்கொண்டே நடந்த பாணர் குலத்துக்குக் காப்பு அமைக்க மறந்த யுகம் நம்முடையது. யாழ் போயிற்று, யாழின் நரம்பு கட்டத் தெரிந்த விரல் போயிற்று, பரிசில் வாழ்க்கை போயிற்று, ஒருவன் பெற்ற பேற்றை எதிர்வந்தவனுக்கு வழிசொல்லிப் பகிரும் நெஞ்சமும் போயிற்று.

வேலூரும் ஆமூரும் சொல்லில் விரைந்து கடக்கத் தக்கவை. மண்ணில் அவற்றின் சுவடு அத்துணைக் குறைவு. வேலூர் இன்றைய உப்புவேலூர் என்பர். நல்லியக்கோடன் பகைவரை அஞ்சி முருகனை வழிபட, கேணியில் பூத்த பூ வேலாயிற்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொன்னார்; ஒரு சிறுநாட்டின் தொடக்கத்தைப் பற்றிக் கேட்கக் கிடைப்பது அவ்வளவே. அங்கே எயிற்றியர் புளியிட்டு அட்ட வெஞ்சோற்றையும் காட்டு ஆவின் சுட்ட ஊனையும் அளித்தனர். ஆமூர் திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் என்பர். அங்கே உழவர் மகள் தன் மக்களைக்கொண்டு வழிப்போக்கரைத் தடுத்து நிறுத்தி, வெண்சோற்றோடு நண்டின் கறியைப் படைத்தாள். யாரென்று கேட்கவில்லை, எக்குடி என்று கேட்கவில்லை. பிற்காலத்து இந்நிலத்தில் ஊரும் சேரியும் எவ்வாறு பிரிந்தன, கிணறும் சுடுகாடும் எவ்வாறு பிரிந்தன, விழுப்புரத்தின் மண் எத்துணைக் குருதியையும் கண்ணீரையும் அதன்பொருட்டுக் குடித்தது என்பதை அறிந்தோர்க்கு அந்த நண்டுக்கறியின் நினைவு தொண்டையில் நிற்கும். பாட்டு ஒரு பொற்காலத்தைப் புனைந்ததோ, உள்ளதையே உரைத்ததோ, நான் வழக்காட வரவில்லை. புனைந்ததாயினும், தன் நாடு இவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அக்காலத்தார் நாணின்றி விரும்பினர். அவ்விருப்பமும் வறிது.

இனிக் கிடங்கில். அதன் வாயில் பொருநர்க்கு அடையாதது, புலவர்க்கு அடையாதது, மறையோர்க்கு அடையாதது. உள்ளே சான்றோரும் மறவரும் மகளிரும் பரிசிலரும் தத்தமக்கு உரிய சொல்லால் அவனை ஏத்த, விண்மீன் நடுவண் மதியமென அவன் வீற்றிருந்தான். பாணன் வாய்திறந்து இரக்குமுன் அவன் அறிந்தான். மூங்கிலின் உட்தோலை உரித்தாற்போன்ற மெல்லிய ஆடையை உடுத்தினான்; தேறலை ஊட்டினான்; பார்த்தனின் தமையனாகிய வீமன் வகுத்த மடைநூலின் நெறி வழுவாது சமைத்த அடிசிலைப் பொற்கலத்தில் இட்டு, ஏவலரை விலக்கி, தானே நின்று, வேண்டுவது எதுவென முகம் பார்த்து ஊட்டினான். பின்னர்ப் பகைவரை வென்று கொண்ட செல்வத்தைத் தந்தான், தச்சன் கைத்திறம் விளங்கும் தேரைப் பாகனோடு தந்தான், அன்றே விடைகொடுத்தான். உப்பின்றிக் கதவடைத்து உண்டவன் கதவற்ற வாயிலில் பொற்கலத்தில் உண்டான். இதற்கு மேல் ஒரு நாட்டின் தோற்றத்துக்கு வேறு காரணம் வேண்டுமோ? அவன் நின்று ஊட்டிய இடம் எதுவென அறியேம். அவன் கை கழுவிய நீர் எந்தக் குளத்தது என அறியேம். அந்தோ, அவ்வடிசில் வெந்த அடுப்பின் சாம்பலும் வறிது.

அக்கோட்டை அழிந்தது எதனால்? செங்கல்லையும் மரத்தையும் சுதையையும் நம்பியதனால். இங்கிருந்து தென்மேற்கே மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில், பாறையைக் குடைந்து பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இல்லம் எடுத்த பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி எடுத்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் கல்லில் பொறித்தான். விசித்திரசித்தன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அவ்வேந்தன் எவற்றையெல்லாம் விலக்கினானோ அவற்றாலேயே கிடங்கில் கட்டப்பட்டிருந்தது. அவன் குடைந்தது நிற்கின்றது. நல்லியக்கோடனின் மாவிலங்கை என்று கருதப்படும் கீழ்மாவிலங்கையிலும் திருமால் உருவம் தாங்கிய சிறு குடைவரை ஒன்று பிற்காலத்ததாய் நிற்கின்றது. வளைக்கை மகளிர் விளையாட்டாய்ச் சேற்றைக் கிளறி ஆமை முட்டையும் ஆம்பற்கிழங்கும் எடுத்த மாவிலங்கை நிற்கவில்லை. கல்லை நம்பியது நின்றது, மரத்தை நம்பியது வீழ்ந்தது என்று முடிப்பதற்கில்லை; ஏனெனில் கல்லினும் மரத்தினும் மெலிந்ததை நம்பியது ஒன்று உண்டு. பனையோலை. செல் அரிக்கும், தீ உண்ணும், வெள்ளம் கொள்ளும் ஓலையில், பெயரறியா எழுத்தாளர் தலைமுறை தலைமுறையாய்ப் படியெடுத்து வைத்த 269 அடிகள் நின்றன. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியபோது, நூற்றாண்டுகளாக ஊர்வழக்கில் பொருளிழந்து கிடந்த கிடங்கில் என்ற பெயருக்கு மீண்டும் ஒரு தலைவன் கிடைத்தான். தலைவனுக்கு நாடு மீளவில்லை.

நாடு எவ்வாறு சுருங்கிற்று என்று கேண்மின். சோழர் காலத்தில் அது செயங்கொண்ட சோழமண்டலத்தின் உட்பிரிவாயிற்று. ஓய்மாநாடு என்ற பழம்பெயர்க்கு மேல் விசயராசேந்திர வளநாடு என்ற புதுப்பெயரும் ஏறியது. ஆயினும் கிடங்கில் முதலிய ஊர்க் கல்வெட்டுகளில் ஓய்மாநாடு என்ற சொல் மாயாது நின்றது. அதுவரை அந்நாடு பெயரளவிலேனும் உயிர்த்திருந்தது. அண்டையில் எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், இளமாணாக்கர் 270 பேரும் மேற்படிப்பு மாணாக்கர் 70 பேரும் உண்டியும் உறையுளும் பெற்று மறையும் இலக்கணமும் மீமாஞ்சையும் கற்ற கல்லூரி இருந்தது. 340 குரல் ஒலித்த அவ்விடத்தில் கோயிற்சுவரின் எழுத்து மட்டும் மிஞ்சிற்று. பின்னர் மேற்கே மலைமேல் செஞ்சி எழுந்தது. 1677-இல் சிவாசி அதனைக் கொண்டான். 1690 முதல் 1698 வரை அவன் மகன் இராசாராம் அதனுள் இருந்து முகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கினான். 1714-இல் அதன் தலைவன் தேசிங்கு களத்தில் வீழ்ந்தான். 2025-இல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. மதிலுக்கு வந்த அப்பெருமையை நான் குறைத்துப் பேசேன். மதிலால் காத்தவனை உலகம் நினைத்தது. வாயிலைத் திறந்து வைத்தவனை அவன் ஊரே நினைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாதிருக்கக் கூடவில்லை.

கடல்வழி வந்தோரின் காலமும் எல்லைநாட்டுக்குக் கொடியதாயிற்று. 1674-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றினர். 1750-இல் செஞ்சி அவர் கைப்பட்டது. 1760-ஆம் ஆண்டின் சனவரித் திங்களில் வந்தவாசிக் களத்தில் அவர் தோற்றனர். அவ்வாண்டே திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றின் கோட்டையை ஆங்கிலேயர் பறித்தனர். நத்தத்தனார் பிறந்த இடைக்கழிநாட்டின் கடலோரத்தில் நின்ற ஆலம்பரைக் கோட்டையும் அவ்வாண்டே இடிபட்டது. 1782-இல் ஐதர் அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் வந்து பெருமுக்கலை மீண்டும் கைக்கொண்டன. நுளைமகள் தேறல் வடித்த கரையில் பீரங்கி வெடித்தது. உழவர் மகள் வழிமறித்து விருந்திட்ட பாதையில் சிப்பாய் வழிமறித்துச் சுங்கம் கொண்டான். இரு வெள்ளையர் கொடிகளின் நடுவே ஊர்கள் துண்டுபட்டன; ஒரு தெரு இவர்க்கு, மறு தெரு அவர்க்கு; ஏரி ஒருவர்க்கு, ஏரியின் பாசனம் மற்றவர்க்கு. பிரெஞ்சுக்கொடி 1954-இல் இறங்கிற்று. கொடி இட்ட கோடு இறங்கவில்லை. புதுச்சேரியின் ஊர்களும் விழுப்புரத்தின் ஊர்களும் இன்றும் ஒன்றினுள் ஒன்று புதைந்து கிடக்கும் அந்த வரைபடத்தில், பாணன் நடந்த வழியை விரல்வைத்துக் காட்டுதல் அரிது.

1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நிலம் கும்பெனியின் கைக்கு முழுதும் சென்றது. தென்னார்க்காடு என்று ஒரு சில்லா பிறந்தது. பிறந்த சில்லாவுக்கு இம்மண்ணின் பழம்பெயர் தேவைப்படவில்லை. தொலைவில் இருந்த நவாபின் நகரமே அதற்குப் பெயர் தந்தது. நாடு வளநாட்டின் மறுபெயராயிற்று, வளநாடு மண்டலத்தின் ஒரு மூலையாயிற்று, மூலை சில்லாவின் ஒரு வட்டமாயிற்று, வட்டம் பெருவழியின் ஒரு சந்தியாயிற்று. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு பிளவுற்று விழுப்புரம் தனி மாவட்டமாய் எழுந்தது. 2019-இல் அதனினின்று கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்தினின்று செங்கல்பட்டும் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் மக்களுக்கு அண்மையில் வருவது நலமே. பட்டா வேண்டியும் உதவித்தொகை வேண்டியும் நெடுவழி நடப்போர்க்கு எல்லை சுருங்குதல் இரக்கமே. ஆயினும் ஓர் எல்லை பிறந்த அத்தனை வேளைகளிலும், ஓர் ஆணையின் ஓரத்திலேனும், ஒரு வட்டத்தின் பெயராயேனும், ஓய்மாநாடு என்ற சொல் எழவில்லை. பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு ஒரு பேரூராட்சியின் பெயராய் உயிரோடிருக்கின்றது. அது செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடக்கின்றது. பாடப்பெற்றவனின் கிடங்கில் விழுப்புரம் மாவட்டத்தில் கிடக்கின்றது. புலவனுக்கு ஒரு மாவட்டம், புரவலனுக்கு ஒரு மாவட்டம். நடுவே ஒரு கோடு. பாட்டுக்கும் பாட்டின் பொருளுக்கும் நடுவே கோடு வரைந்த கை, தான் என்ன செய்தது என்று அறிந்திலது.

கிடங்கிலில் வள்ளல் மட்டும் வாழ்ந்தான் அல்லன். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே முடியெனச் சூடிய புலவர் மூவரை இவ்வூர் ஈன்றது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவர் பாடல்கள் உள்ளன; யாவும் அகப்பாடல்கள்; காதலன் வரவும் காதலி உயிர்தாங்கலும் பாடியவை. காவிதி என்பது அரசர் உழவர்க்கும் அமைச்சர்க்கும் அளித்த பட்டம் என்பர். ஆயின் ஏரும் எழுத்தும் ஏந்திய குடி அக்கோட்டையின் நிழலில் செழித்திருந்தது. இம்மூவரின் பெயரைத் திண்டிவனத்தின் பள்ளிச் சிறார் எத்தனை பேர் அறிவர் என்று எண்ணும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. தன் தெருவில் பிறந்த பாட்டைத் தேர்வுக்கெனத் தொலைநாட்டுப் பாட்டாய் மனனம் செய்யும் சிறுவன் மேல் எப்பிழையும் இல்லை. அவனுக்கு அவன் தெருவைக் காட்டாத கல்வி வறிது, கல்வி தந்தோம் என்று களித்த தலைமுறை வறிது.

இவ்வூரின் துயரத்தை முதலில் அறிந்தவர் நன்னாகனார். பெருமாவிலங்கைத் தலைவன் உயிரோடிருந்த காலத்திலேயே, அவன் கொடை குன்றாத காலத்திலேயே, அவர் இரங்கினார். பாரியின் பறம்புமலைச் சுனையில் தெளிந்த தண்ணீர் தம் ஊரிலேயே உள்ளதென்று அதனைப் பொருட்படுத்தாது விட்டவரைப் போல, அருகிருந்தும் நல்லியக்கோடனைக் காணாமல் கழித்துவிட்ட பழைய நாட்களை எண்ணி அவர் நெஞ்சு நொந்தது. அவனைக் காணமாட்டாது வரப்போகும் நாட்களை எண்ணி மேலும் நொந்தது. நன்னாகனார்க்கு அவ்வச்சம் வந்தபோது வாயில் திறந்திருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பொற்கலம் நிறைந்திருந்தது. சென்று காண்பதற்கு அவர்க்கு ஒரு நாளேனும் எஞ்சியிருந்தது. அவர் அஞ்சிய அந்த வழிநாட்களில் பிறந்தவர் நாம். தண்ணீர் நம் ஊரிலேயே இருந்தது.